கூரை யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகீழ்ப் பகுதியிலிருந்து வரும் நாட்காட்டிகளிலே ஒரு காட்சி அடிக்கடி இடம்பெறும். சிற்றாறு ஒன்று, அதன் கரையிலே, நீராற் சுழலும் பெருஞ் சக்கரத்தோடு கூடிய மாவாலை, சற்றப்பால், ஆற்றின் குறுக்கே, வீடொன்று வழிதவறி வந்து நின்றாற் போல, கூரையும் பக்கச் சுவரும் உடையதொரு மரப்பாலம். சூழ நிற்கும் மரங்கள் இலையுதிர் காலத்துச் செந்நிறம் பூண்டிருக்கும். படத்தைப் பார்ப்பவர் பெருமூச்செறிந்து, அக்காலத்து மக்கள் வழிப்போக்கர்மேல் எத்துணை அன்புடையராயிருந்தனர், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கப் பாலத்துக்குங் கூரை வேய்ந்தனரே என்று வியப்பர்.

அன்பு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூரை வழிப்போக்கனுக்காக வேய்ந்ததன்று.

வேறு விளக்கங்களும் உலவுகின்றன. கீழே பாயும் நீரைக் கண்டு குதிரை மருளும், அதனை மறைத்தற்கே சுவர் எழுப்பினர் என்பார் ஒரு சாரார். பனி விழுந்து பாதையை மூடாதிருத்தற்கே கூரை என்பார் மற்றொரு சாரார். பின்னவர்க்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். வேர்மொண்ட் முதலிய குளிர் மாநிலங்களிலே, முற்காலத்திற் பனிக்காலம் வந்ததும் சக்கர வண்டி ஓய்வுபெறும். சறுக்கு வண்டியே ஓடும். சறுக்கு வண்டி ஓடப் பனி வேண்டும். கூரையிட்ட பாலத்தினுள்ளே பனி ஏது? ஆதலின் ஊர்ச் சபையார் கூலிக்கு ஆளமர்த்தி, வெளியிலிருந்து பனியை வாரிவந்து பாலத்தின் தளத்திலே பரப்புவித்தனர். பனியைத் தடுத்தற்குக் கூரையிட்டவர், காசு கொடுத்து அதே பனியை உள்ளே கொணர்விப்பரோ?

உண்மை எளியது. கூரை பாலத்துக்காக. மரப்பாலத்தின் உயிர் நாம் நடந்து செல்லும் தளத்தில் இல்லை. இரு பக்கத்தும் நிற்கும் சட்டகத்தில் இருக்கின்றது. நெடுமரமும் நிலைமரமும் சாய்மரமும் ஒன்றையொன்று உதைந்தும் இழுத்தும் முக்கோணங்களாகப் பிணைந்து நிற்பது அச்சட்டகம். மரம் நனைவதும் காய்வதுமாயிருந்தால் பூஞ்சணம் பற்றும். முதலிற் கெடுவது பொருத்துவாய்; துளைக்குள்ளே மரமுனை இறங்குமிடத்தில் நீர் தங்கிவிடும், வெளியே பார்ப்பவர்க்குத் தெரியாது. பலகையடைப்பும் கூரையும் அவ்விடங்களை உலர்வாக வைத்திருக்கின்றன. தளப்பலகை தேய்ந்தால் மாற்றலாம். கூரைப்பலகை உக்கினால் மாற்றலாம். சட்டகம் உக்கினாற் பாலமே ஆற்றில். மாற்றக்கூடியதை மழைக்குக் கொடுத்து, மாற்றலாகாததை மறைத்துக் காத்த சிக்கனம் இது.

இது நம் ஊகமன்று; கட்டியவர் வாயிலாகவே அறியக்கிடப்பது. பிலடெல்பியா நகரில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் 1805ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெருமரப் பாலமே அமெரிக்காவிற் கூரையிட்ட பாலங்களுக்கு முன்னோடி. அதனைக் கட்டியவர் ரிமோதி பாமர் என்னுந் தச்சர். கூரையிடுக என்று வற்புறுத்தியவரோ, பாலக் கம்பனியின் தலைவராயிருந்த றிச்சேட் பீற்றர்ஸ் என்னும் நீதிபதி. தச்சர் அதற்கு இசைந்தார். கூரையின்றேற் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற் பாரவண்டியை நம்பி விடலாகாது, கூரையிருப்பின் முப்பது நாற்பதாண்டு நிற்கும் என்பது அவர் கணிப்பு. அவர் குறைத்தே மதிப்பிட்டார். பின்வந்தோர் கட்டிய கூரைப் பாலங்களுள் நூற்றைம்பதாண்டு கடந்தவை இன்றும் நிற்கின்றன. நீதிபதிக்குத் தோன்றிய யோசனையைத் தச்சர் மதித்ததும், நீதிபதி மரத்தைப் பற்றிச் சிந்தித்ததும், இரண்டுமே நம் காலத்தில் அரிய காரியங்கள்.

பாமருக்குப் பின் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். தியடோர் பேர் என்பவர் சட்டகத்தோடு பெரியதொரு மரவளைவையும் சேர்த்துப் பாலத்தின் வலியைப் பெருக்கினார். கட்டடக் கலைஞராகிய இதியல் ரவுன் 1820இல் வேறொரு வழி கண்டார். பெருமரங்களை விடுத்து, பலகைகளையே குறுக்கும் மறுக்குமாகப் பின்னல் வேலி போல அடுக்கி, மர ஆணிகளால் இறுக்கினார். பலகை எந்த மரமரி ஆலையிலும் கிடைக்கும், நுண்டச்சர் வேண்டியதில்லை, ஊர்த் தச்சரே கட்டிவிடலாம். இவர் பாலம் கட்டி வாழ்ந்தவரல்லர். அமைப்பின் உரிமையை விற்று வாழ்ந்தவர். முன்னரே கேட்டுக் கட்டுவோர்க்கு அடிக்கு ஒரு டொலர். கேளாமற் கட்டி அகப்பட்டோர்க்கு அடிக்கு இரண்டு டொலர். பாலத்தை அடிக்கணக்கில் எழுதி விற்ற இந்த வித்தகரை நம் பதிப்பாளர் சிலர் அறிந்தால் மகிழ்வர்.

பாலத்தைக் கடக்கவும் காசு வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர், வேர்மொண்ட் மாநிலங்களை இணைத்துக் கனெற்றிக்கட் ஆற்றின்மேல் நிற்கும் கோணிஷ் விண்ட்சர் பாலம் 1866இல் ஒன்பதினாயிரம் டொலர்ச் செலவிற் கட்டப்பட்டது. அவ்விடத்தில் அதற்கு முன்னிருந்த மூன்று பாலங்களை வெள்ளங் கொண்டது. 1943ஆம் ஆண்டு வரை அங்கே சுங்கம் வாங்கினர். குதிரையை நடத்திச் செல்க, ஓட்டினால் இரண்டு டொலர்த் தண்டம் என்ற அறிவிப்பு அதன் நெற்றியில் இன்றும் இருக்கின்றது. குதிரைகளின் ஒத்த குளம்படி பாலத்தை அதிரச்செய்யும் என்ற அச்சமே தண்டத்துக்குக் காரணம். இங்கும் பாலத்தின் நலமே முன்னின்றது.

"யாருக்கு?" என்னும் இவ்வினாவைப் பாலத்தோடு நிறுத்திவிடலாகாது. அதே படத்தில் அருகே சுழலும் சக்கரத்தையும் வினாவல் வேண்டும்.

ஆலையும் பாலமும் அடுத்தடுத்து நிற்பது ஓவியன் செய்த அமைப்பன்று. ஆலைக்கு நீர் விழும் மேடுபள்ளம் வேண்டும். ஆறு குறுகிப் பாறையிடையே இறங்குமிடமே அதற்கு வாய்ப்பு. குறுகிய ஆறும் உறுதியான கரையும் பாலத்துக்கும் வாய்ப்பு. தானியங் கொண்டு இரு கரையிலிருந்தும் உழவர் வருவர். ஆகவே ஆலை இருந்த இடத்திற் பாலம் எழுந்தது. பாலத்தடியிற் கொல்லன் உலையும் கடையும் வந்தன. இங்ஙனம் ஊர் பிறந்தது.

ஆலை என்னுஞ் சொல்லுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாணாற்றுப்படை கூறும் ஆலை கரும்பாலை. தானியத்தை அரைக்க நம் வீடுகளில் இருந்தது கையாற் சுற்றுந் திரிகை. மேலை நாட்டு நீராலை அந்தத் திரிகையே. அளவிற் பெரிது, சுற்றும் கை மட்டும் வேறு. கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். நிமிர்ந்து நிற்கும் நீர்ச் சக்கரத்தின் சுழற்சியைப் படுத்திருக்கும் கல்லுக்கு மாற்றுவது பற்சக்கரங்களின் வேலை. நீரைச் சக்கரத்தின் அடியிற் பாய்ச்சுவதா, மேலிருந்து வீழ்த்துவதா என்பதில் நெடுங்காலம் வழக்கிருந்தது. ஸ்மீற்றன் என்னும் ஆங்கிலப் பொறிவல்லார் சிறுமாதிரிச் சக்கரங்கள் செய்து அளந்து பார்த்து, மேலிருந்து விழும் நீர் ஏறத்தாழ இருமடங்கு வேலை செய்கிறதென்று 1759இல் இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எடுத்துக்காட்டினார். ஆயிரத்தெழுநூறு ஆண்டுக்கு மேலாக உலகம் அறிந்திருந்த ஒரு சக்கரத்தை அளந்து பார்த்தோர் அதுவரை மிகச் சிலரே.

இனி வினாவுக்கு வருவோம். நீராலை யாருக்கு?

தெசலோனிக்கா நகரத்து அந்திப்பாற்றர் என்னுங் கிரேக்கப் புலவர் இதற்கு விடை கூறினார். நீராலையைப் பாடிய பாடல்களுள் மிகப் பழையது அவர் பாடல். திரிகை சுற்றும் பெண்களை விளித்து, இனி விடியலிலே எழவேண்டா, நீர்த் தெய்வங்கள் உம் வேலையை ஏற்றுக்கொண்டன என்னும் கருத்துப்பட அவர் பாடினார். பொய்யென்று சொல்ல முடியாது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவைக் கையால் அரைத்தல் ஒவ்வொரு நாளும் சில நாழிகை நேரத்தைத் தின்னும் வேலை. அதைச் செய்தவர் பெண்களும் அடிமைகளுமே. அவ்வளவில் நீராலை பெண்ணுக்கு என்று விடை எழுதிவிடலாம். நம் மாணவரும் அவ்வாறே எழுதிவிடுவர்.

ஆனால் மற்றொரு விடையும் இருக்கின்றது. அது பாட்டில் இல்லை, வழக்கிலும் கலகத்திலும் இருக்கின்றது. 1086இல் இங்கிலாந்து வேந்தன் எடுப்பித்த பெருங்கணக்கேட்டிலே ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாயின. ஆலைக்குரியவர் நிலப்பிரபுவும் மடமும். பிரபுவின் நிலத்திலிருக்குங் குடியானவன் பிரபுவின் ஆலையிலேயே அரைத்தல் வேண்டும்; அரைகூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும். வீட்டிலே திரிகை வைத்திருந்தாற் குற்றம். சென்ற் அல்பன்ஸ் மடத்தின் தலைவராக 1327 முதல் 1336 வரை இருந்த றிச்சேட் என்பவர் ஊரவர் வீடுகளிலிருந்த திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்துக் கூடமொன்றின் தரையிலே அவற்றைப் பதிப்பித்தார். வேடிக்கை யாதெனில், அவர் சிறந்த கணித வல்லார். வானக் கோள்களின் இயக்கங் காட்டும் மணிக்கூடொன்றை அமைத்தவர். பற்சக்கரத்தின் நுட்பம் அவரைப்போல் அறிந்தார் அந்நாளிற் சிலரே. அறிவும் அருளும் ஓரிடத்திற் சேர்வது கட்டாயமன்று. 1381இல் இங்கிலாந்திற் குடியானவர் கலகம் மூண்டபோது, அவ்வூரார் மடத்துட் புகுந்து முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று, அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்றுண்டுகளை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொண்டது. உடைந்த திரிகையில் மா அரைக்க முடியாது. எனினும் கோயிலிற் பிரசாதம் வாங்குவார் போல வாங்கிப் போயினர்.

அந்திப்பாற்றர் பாடலையும் சென்ற் அல்பன்ஸ் தரையையும் ஒருங்கு வைத்துப் படிப்பதே நீராலையின் வரலாறு. பொறி ஒன்றே, அது யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் விடுதலையாகவும் ஓரிடத்தில் விலங்காகவும் இருந்தது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இதனை ஓரளவு உணர்ந்தன. ஆலைக்காரன் தானியத்தில் எடுக்கலாகும் பங்கினைப் பல இடங்களிற் சட்டமே வரையறுத்தது. மாசச்சூசெற்ஸிற் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆலைக்காரன் கட்டிய அணையால் மேல்நிலத்துப் புற்றரை மூழ்கினால் உரியவனுக்கு இழப்பீடு கொடுத்தல் வேண்டுமென்று விதித்தனர். அணையில் முட்டித் திரும்பிய மீனுக்கு இழப்பீடு கொடுத்தார் இலர்.

சொல்லாராய்ச்சி நமக்குத் தொழில். ஆகவே இரண்டு சொற்களைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. மேற்கல்லின் துளையிற் சிறிது சிறிதாகத் தானியம் விழும்படி ஊட்டுவாயைத் தட்டிக்கொண்டேயிருக்கும் தண்டொன்று உண்டு. ஆங்கில ஆலைக்காரர் அதற்கு இட்ட பெயர் கன்னி. ஓயாது ஒலிப்பதால் அப்பெயராம். பெயரிட்டவன் ஆடவன் என்பதில் ஐயமில்லை. மற்றொன்று, ஒலிவர் எவன்ஸ் என்னும் அமெரிக்கர் அமைத்த பொறி. கிண்ணங்கள் கோத்த வாரினாற் தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றி, அரைத்த மாவைத் தானே பரப்பி ஆற்றி, ஆட்கையின்றி வேலையை முடிக்கும் மாவாலை அவருடையது. 1790இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வாசிங்டன் தம் சொந்த ஆலையிலே அதனை 1791இற் பொருத்தினார். அதில் மாவை வாரிப் பரப்பும் சுழல்வாரிக்குப் பெயர் ஊட்டுவாய்ப் பையன். முன்னே அவ்வேலையைச் செய்தவன் ஒரு சிறுபையன். ஆள் போனபின் பெயர் மரத்துக்குப் போயிற்று. கன்னியும் பையனும் ஆலையில் யார் உழைத்தனர் என்பதற்கு எழுதப்படாத சாசனங்கள். எந்தக் கணக்கேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

நீராலையின் வீழ்ச்சி விரைவானது. 1870, 1880களிலே மினியாபொலிஸ் நகரத்துப் பேராலைகள் கல்லை விட்டு உருளைக்கு மாறின. உருளை உமியையும் முளையையும் பிரித்துவிடும். மா வெண்மையாயிருக்கும், நெடுநாள் கெடாது. புகையிரதம் அதனை எங்குங் கொண்டு சென்றது. ஊராலைக்கு வேலை இல்லை. பாலங்களுக்கோ இரும்பும் கொங்கிறீற்றும் வந்தன. லொறியின் பாரம் வந்தது. வெள்ளமும் நெருப்பும் எப்போதும் இருந்தன.

எஞ்சியவற்றை என் செய்வது? இங்கே தான் கருத்து வேறுபாடு. இந்தியானா மாநிலத்துப் பிரிட்ஜ்ரன் என்னுஞ் சிற்றூரிலே, ஆலையருகே 1868இற் கட்டிய கூரைப்பாலம் 2005 ஏப்பிரிலில் ஒருவன் இட்ட தீயில் எரிந்தது. ஊரவர் பொருள் திரட்டி, தாமே கைகொடுத்து, 2006இல் அதே அமைப்பில் மரத்தினாலேயே புதியதொன்று எழுப்பினர். சுவிற்சர்லாந்தில் லுசேர்ன் நகரத்துத் தேவாலயப் பாலம், பதினான்காம் நூற்றாண்டினது, 1993 ஓகஸ்ற் மாதத்தில் எரிந்து 1994இல் மீண்டது. கூரையின்கீழ் இருந்த பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்களுட் பெரும்பாலானவை மீளவில்லை. புதியது பழையதாகுமா, இது வெறும் பாவனையன்றோ என்று வினாவினார் பலர். எரிந்ததை எழுப்புவதா, எரிந்தபடியே விடுவதா என்ற வினாவின் கனத்தை நம் நாட்டவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

எம் கருத்து இது. மரப்பாலத்திற் பழைய மரத்தைத் தேடுவோர் பாலத்தை அறியாதவர். கூரை பத்துமுறை மாறியிருக்கும். தளம் இருபதுமுறை மாறியிருக்கும். மாற்றுவதே அதன் இயல்பு. மாறாதிருந்தது மாற்றத் தெரிந்த கை. சீனத்தின் பூசியன், செசியாங் மாகாணங்களிலே ஆணியின்றிப் பின்னிய மரவளைவின்மேற் கூரைமண்டபம் தாங்கிய பாலங்கள் உள்ளன. அங்கே வழிப்போக்கனுக்கு இருக்கையும் உண்டு, சில பாலங்களிற் சிறு கோயிலும் உண்டு; ஆயினும் அங்குங் கூரைமண்டபம் பாலத்துக்கு வேலை செய்கின்றது, அதன் பாரமே பின்னலை இறுக்கி நிறுத்துகின்றது. 2009இல் யுனெஸ்கோ, உடனடியாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது அந்தப் பாலங்களையன்று. அவற்றைக் கட்டும் முறையையும் பழக்கத்தையும். மிகச் சரியான செயல். 2016இல் ஒரு பெரும்புயல் தாய்சுன் என்னும் மலைநாட்டில் மூன்று பாலங்களை அடித்துச் சென்றபோது, ஊரவர் ஆற்றின் கீழ்ப்புறமெல்லாம் தேடி மரங்களை இழுத்துவந்து சேர்த்தனர். அவற்றை மீளக் கோக்கத் தெரிந்த தச்சர் உயிரோடிருந்தனர். ஆதலாற் பாலங்கள் மீண்டன. தச்சர் இல்லையேல் அம்மரங்கள் விறகு.

ஆலைச் சக்கரத்துக்கும் இதுவே. அழகுக்காக நிறுத்திவைத்த மரச்சக்கரத்தின் அடிப்பாதி நீரில் ஊறும். மேற்பாதி வெயிலிற் காயும். பாரம் ஒருபக்கஞ் சாய்ந்து, பொருத்து விட்டு, சில ஆண்டிற் சிதையும். சுழல்கின்ற சக்கரம் முழுதும் ஒரே அளவில் நனைந்து நெடுநாள் வாழும். அரைக்க ஒன்றும் இல்லாவிடினும் சக்கரத்தை நிறுத்தாதே என்பதே அதனைப் பராமரிப்போர் அறிந்த விதி.

இங்ஙனம் யாருக்கு, எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டாற் படத்தின் அழகு போய்விடாதா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வருந்தினார். ஆண்டுதோறும் எம் வகுப்பு மாணவர் எழுதும் "அழகிய கிராமம்" என்னுங் கட்டுரைகள் எமக்கு நினைவுக்கு வந்தன. சலசலவென ஓடும் ஆறு இல்லாத கட்டுரை இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆற்றையே காணாதவன், அவனும் எழுதுவான். அக்கிராமத்தில் மா இடித்தவர் யார், பாலத்துக்குப் பலகை போட்டவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று ஒருவனும் எழுதியதில்லை. எழுதினாற் கட்டுரையின் அழகு குறையும் என்று நாமே கற்பித்துவிட்டோம். அடுத்த தவணையில் அத்தலைப்பைக் கொடுக்கும் ஆசிரியர், இந்த மூன்று வினாக்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொடுத்துப் பார்க்கட்டும்.

கூரையிட்ட மரப்பாலத்தைக் காண அமெரிக்கா செல்லவேண்டியதுமில்லை. பதுளை மாவட்டத்தில் ஹாலி எலைக்கு அணித்தாய்ப் பொகொடை விகாரையின் அருகே, ஓடு வேய்ந்த கூரையோடு, பல நூற்றாண்டு கண்ட மரப்பாலம் ஒன்று ஓடையின்மேல் நிற்கின்றது. மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் அங்கே ஒரு நாழிகை தங்கலாம். பிள்ளைகள் கைபேசியை எடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவே ஓடுவர்; ஓடட்டும். அதற்குமுன் அவர்களை ஓடைக்கரைக்கு இறக்கி, தாங்கும் மரங்களையும், மழைநீர் எந்த இடத்திற் சொட்டுகின்றது, எந்த இடத்திற் சொட்டவில்லை என்பதையும் கீழிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.